விற்கும் வீட்டின் கதவு

தாம்பரத்தை அடுத்த ஓர் ஊரில் தம் வீட்டை விற்க முயன்றுகொண்டிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். ஆறு மாதங்களாகியும் வந்து பார்த்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை என்றும், விலையில் ஐந்து இலட்சம் குறைத்துவிடலாமா என்றும் கேட்டார். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: வீட்டை எந்தெந்த நேரத்தில் காட்டுகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், அதுவும் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால், என்றார். விலையை இப்போது தொடவேண்டாம், முதலில் கதவைத் திறந்து வையுங்கள் என்று சொன்னேன். இதே தவற்றை நாங்களும் எட்டு மாதம் செய்திருக்கிறோம் என்பதால் அவரிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் அப்பா கட்டிய வீடு அது. கீழ்த்தளத்தில் அம்மா இருந்தார். மாடியில் ஒன்பது ஆண்டுகளாக ஒரே குடும்பம் வாடகைக்கு இருந்தது. அப்பா காலமானபின் அம்மாவைத் தனியே விட மனமின்றி, பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு, 2024 பிப்ரவரியில் வீட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை பார்க்கலாம் என்று தரகர்களிடம் சொன்னோம். அம்மாவின் பூசையும் சமையலும் முடிந்திருக்கும், நானும் அங்கே போய்ச் சேர்ந்திருப்பேன் என்பதுதான் அந்த நேரத்துக்குக் காரணம். அதாவது முழுக்க முழுக்க எங்கள் வசதியை வைத்தே முடிவு செய்தோம். வாங்க வருபவரின் வசதி அதில் எங்குமே இல்லை.

நம் ஊரில் வீடு பார்க்க வருபவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஞாயிறு பகல் 12 மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடுகிறது, மாலை 4.30 முதல் 6 வரை இராகு காலம். நாங்கள் ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தில் பாதியை, நல்ல நேரம் பார்க்கும் குடும்பங்கள் தாமாகவே தவிர்த்துவிட்டன. முகூர்த்த நாளாக இருந்தால் அந்தக் காலையும் கல்யாண மண்டபத்தில் கழிந்துவிடும். மெட்ரோ பணிக்காகச் சாலைகளைத் தோண்டியிருந்த நேரம் அது. சோழிங்கநல்லூரிலிருந்து கிளம்பி நெரிசலில் சிக்கி 12.45-க்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டி அனுப்பினோம். வாழ்நாள் சேமிப்பையும் இருபது ஆண்டுக் கடனையும் போட்டு ஒருவர் வாங்கப்போகும் பொருளை அப்படி அவசரமாகக் காட்டியதை இன்று நினைத்தால் மனம் வருந்துகிறது.

இன்னொன்றையும் நாங்கள் புரிந்துகொள்ளவில்லை. வீட்டை யாரும் ஒரே முறை பார்த்து வாங்குவதில்லை. முதலில் கணவனும் மனைவியும் அலுவலகம் முடிந்து மாலையில் வந்து ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். பிடித்தால் சனி அல்லது ஞாயிறு பெற்றோரை அழைத்து வருவார்கள். அடுத்து வாஸ்து பார்ப்பவர் வருவார். ஈசானிய மூலையில் என்ன இருக்கிறது, அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா என்று கைப்பேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நிற்பார். அதற்குப்பின் கட்டடம் தெரிந்த ஒரு கொத்தனாரோ பொறியாளரோ வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஆக ஒரு குடும்பத்துக்கே நான்கைந்து வருகைகள் தேவைப்படுகின்றன. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் திறக்கும் வீட்டில் இது முடிவதற்கு ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் ஆடி வந்துவிட்டால் யாரும் அட்வான்ஸ் பேசமாட்டார்கள். அந்த இடைவெளியில் வேறு வீடு கிடைத்துவிடும். எங்களிடம் இரண்டு முறை வந்து மூன்றாம் முறை வராமல் போனவர்களில் ஒரு குடும்பம், அதே தெருவின் கடைசியில் இருந்த வீட்டை வாங்கியது. அந்த வீட்டின் சாவி எதிர்வீட்டில் இருந்தது. எப்போது கேட்டாலும் கிடைத்தது.

பூட்டிய அறையைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். அப்பாவின் புத்தகங்களும் துணிகளும் அவருடைய தையல் இயந்திரமும் இருந்த பின்னறையை அம்மா யாருக்கும் திறக்க விரும்பவில்லை. அதன் நியாயம் எங்களுக்குத் தெரிந்ததால் நாங்களும் வற்புறுத்தவில்லை. "அது சாமான் அறை, இதே அளவுதான்" என்று வாயால் சொல்லிக் கடந்துவிடுவோம். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவரின் மனத்தில் என்ன ஓடும் என்பதைத் தரகர் ஒருவர்தான் எங்களுக்குச் சொன்னார். கூரையில் கசிவு இருக்கிறதா, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, பங்காளி எவராவது உரிமை கொண்டாடிப் பூட்டி வைத்திருக்கிறாரா என்று மூன்று விதமாகவும் கேட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, அம்மாவும் நானுமாக அந்த அறையின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தோம். அம்மா எதை வைத்துக்கொள்ளவேண்டும் என்று விரும்பினாரோ அதை முதலில் என் வீட்டுக்குக் கொண்டுபோனோம். தையல் இயந்திரம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பொருளுக்கு ஓர் இடம் கிடைத்தபின் அந்த அறையைத் திறந்து வைப்பதில் அம்மாவுக்கு வருத்தம் இருக்கவில்லை. முன்பே இதைச் செய்யாமல், அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எண்ணியது எங்கள் பிழை.

மாடியில் குடியிருந்தவர்களிடமும் நாங்கள் முறையாக நடந்துகொள்ளவில்லை. அவர்களுடைய பெண் அந்த ஆண்டு பிளஸ் டூ. மார்ச் மாதம் பொதுத்தேர்வு. பிப்ரவரியில் தரகர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஆள்களை அழைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியபோது, படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் அறைக்குள் செருப்புக் காலோடு ஒருவர் நுழைந்திருக்கிறார். அதன்பின் அந்த அம்மாள் கதவைத் திறக்க மறுத்ததில் என்ன தவறு? வீடு நம் பெயரில் இருந்தாலும், வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு அது அவருடைய வீடு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமும், உரிமையாளர் உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்றே சொல்கிறது. சட்டத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நாங்களாகத்தான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம்.

செப்டம்பரில் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். எந்த நாள்களில், எந்த நேரத்தில் வந்தால் தொந்தரவு இல்லை என்பதை அவர்களே சொல்லட்டும் என்றேன். வாரநாள்களில் மாலை 6.30 முதல் 8 வரை, சனிக்கிழமை இராகு காலம் முடிந்து 10.30-க்குமேல் எப்போது வேண்டுமானாலும் என்று அவர்கள் கொடுத்த நேரம், நாங்கள் வைத்திருந்ததைவிடப் பல மடங்கு தாராளமாக இருந்தது. முதல் நாளே வாட்ஸாப்பில் செய்தி அனுப்புவது, ஒரே சமயத்தில் நான்கு பேருக்குமேல் மாடிக்கு அனுப்பாதது, படுக்கையறையைப் படம் எடுக்க விடாதது ஆகிய மூன்றையும் நாங்கள் ஒப்புக்கொண்டோம். வீடு விற்கும்வரை மாத வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டோம். தம் அன்றாடத்தின் நடுவே அயலாருக்குக் கதவு திறப்பவர்களுக்கு அது நாங்கள் செய்யவேண்டிய மரியாதை. அதற்குப்பின் வருபவர்களுக்கு மாடியைச் சுற்றிக் காட்டியதே பெரும்பாலும் அந்தக் குடும்பத்தலைவர்தான். ஒன்பது ஆண்டு வாழ்ந்தவர் வாயால் "கோடையிலும் மேலே நல்ல காற்று வரும்" என்று கேட்பதற்கும் தரகர் சொல்லிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு வாங்குபவர்களுக்குத் தெரியும்.

கதவைத் திறந்து வைப்பது என்றால் யார் வந்தாலும் உள்ளே விடுவது என்று பொருளாகாது. எழுபத்து நான்கு வயதுப் பெண்மணி தனியே இருக்கும் வீடு அது. வீடு பார்ப்பதாகச் சொல்லி வந்து முதியவர்களிடம் நகை பறித்த செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். எனவே நான் இல்லாத நாள்களில் பக்கத்து வீட்டு அண்ணன் உடன் வராமல் எவரையும் அனுமதிப்பதில்லை என்றும், வருபவரின் பெயரும் எண்ணும் முன்னதாகவே எனக்கு வந்துவிடவேண்டும் என்றும் எல்லாத் தரகர்களிடமும் சொல்லிவிட்டோம். நகைகளையும் அசல் பத்திரங்களையும் வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றினோம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் வைத்து, இரண்டாம் முறை வருபவர்களுக்கு மட்டும் காட்டினோம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்பதை முந்தின நாளே பார்த்துக்கொள்ளவேண்டும். இருண்ட வீட்டையும் ஓடாத மோட்டாரையும் பார்த்துவிட்டுப் போனவர் மறுபடி வருவது அரிது. போர்வெல் தண்ணீரின் உப்புத்தன்மையை அளக்கும் சிறு கருவியோடு சிலர் வருகிறார்கள்; கீழ்த்தொட்டியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்பவர்களும் உண்டு. அவற்றைக் குறையாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

மடிப்பாக்கத்தில் வீடு பார்க்க வரும் எவரும் கேட்காமல் விடாத கேள்வி, 2015 டிசம்பரில் தண்ணீர் வந்ததா என்பது. கூடத்தில் முழங்கால் அளவு வந்தது. தொடக்கத்தில் தரகர் ஒருவரின் பேச்சைக் கேட்டு "வாசல்வரை வந்தது" என்று சொல்லிவந்தோம். தெருமுனைக் கடையில் விசாரித்த ஒரு குடும்பம் உண்மையைத் தெரிந்துகொண்டு, வேறு எதைப் பொய் சொல்லியிருப்பார்களோ என்று விலகிப்போனது. அந்த ஐயத்தில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. அதன்பின் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கைவைத்தே காட்டினோம். மழை நாளிலும் வந்து பார்க்கலாம் என்று நாங்களாகவே சொல்லத் தொடங்கினோம்.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு அதிகனமழை எச்சரிக்கை வந்து, வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியது நினைவிருக்கும். மழை ஓய்ந்த மறுநாள் காலை 7 மணிக்கு, ஏற்கெனவே ஒரு முறை வந்துபோன தம்பதியர் அழைத்து, இப்போது வரலாமா என்று கேட்டார்கள். வாசல் முழுக்கச் சேறு. துணிகள் கூடத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பழைய எண்ணத்தில் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றிருப்போம். அம்மா தயங்காமல் வரச் சொன்னார். அவர்கள் வீட்டுக்குள் வருமுன் அரை மணி நேரம் தெருவில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, எதிர்மனையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். தெருத் தண்ணீர் எங்கள் படிக்கட்டின் இரண்டாம் படியோடு நின்றிருந்தது. அப்பா பின்னாளில் வாசலை உயர்த்திக் கட்டியதன் பயனை நாங்கள் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் அவர்களே கண்ணால் கண்டார்கள். மேலும் மூன்று முறை வந்தார்கள்; கார்த்திகையில் அட்வான்ஸ் கொடுத்தார்கள். விலையில் நாங்கள் குறைத்தது, பேரம் பேசும் எவருக்கும் வழக்கமாகக் குறைக்கும் அளவுதான்.

அட்வான்ஸ் வாங்கியபின்னும் வருகைகள் நிற்பதில்லை என்பதை விற்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர், காலையில் அழைத்து நண்பகலில் வந்து நின்றார். ஒவ்வோர் அறையையும் நாடாவால் அளந்து, மொட்டைமாடிவரை படம் எடுத்தார். அன்று எந்த அறையாவது பூட்டியிருந்தால் கடன் ஒரு வாரமேனும் தள்ளிப்போயிருக்கும். மார்கழி பிறப்பதற்குள் கடன் ஒப்புதல் வந்தது. பத்திரப்பதிவைத் தை மாதத்தில் வைத்துக்கொண்டோம். பதிவுக்கு முந்தைய மாலை அவர்கள் கடைசியாக ஒரு முறை வந்தபோது, அம்மா அந்தப் பெண்ணைப் பின்பக்கம் அழைத்துப்போய், மோட்டாரை எத்தனை நிமிடம் ஓட்டினால் மேல்தொட்டி நிறையும், எந்தச் சன்னலை மழைக்காலத்தில் முதலில் சாத்தவேண்டும், கறிவேப்பிலைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.