ஒரு லட்சம் கிலோமீட்டரும் போர்ஷே 996 எஞ்சினும்: உண்மை விளக்கம்

போர்ஷே 911 காரின் 996 வகை ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் உடைந்தே தீரும் என்று பரவும் செய்தி தவறானது. எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுகளை இயக்கும் இடைத்தண்டின் பேரிங் பழுதானால் எஞ்சினே நாசமாகக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பழுதை ஓடிய தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பேரிங்கின் சீல் தளர்ந்து, எஞ்சின் ஆயில் புகுந்து உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோவது முக்கியக் காரணம் என்பதால், ஆயில் மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் நின்றுகிடந்த, மிகக் குறைவாக ஓடிய காரிலும் அது நேரலாம். இதே 996 வகையின் டர்போ, ஜிடி3 ரகங்களின் எஞ்சின் வேறு. அவற்றில் இந்தப் பேரிங்கே இல்லை. வாங்க விரும்புபவர் மீட்டரைப் பார்த்து அஞ்சுவதைவிட, ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேட்டுப் பெற்று, ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள்கள் உள்ளனவா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்வதே சரியான சோதனை.