எட்டில் செவ்வாய் என்று சொல்லி ஒரு பெண்ணை ஒதுக்காதீர்கள்

தை பிறந்ததும் எங்கள் பக்கம் ஜாதகங்கள் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நகலை மடித்து வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் பஸ் ஏறுவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் போகிறது. வருகிற பதில் மட்டும் மாறவே இல்லை. "பொண்ணுக்கு எட்டுல செவ்வாய் இருக்குல்லா, நமக்குச் சரிப்படாது அண்ணாச்சி." பெண்ணின் ஜாதகத்தில் எட்டாம் கட்டத்தில் செவ்வாய் இருந்தால் புருஷனின் ஆயுளுக்கு ஆகாது என்ற பயம். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தப் பிள்ளை என்ன படித்திருக்கிறாள், எப்படிப்பட்டவள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. எங்கள் சொந்தத்திலேயே ஒரு தங்கச்சியின் ஜாதகம் இப்படிப் போய்ப் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஜோதிடத்தை மதிக்கிறவன். என் தாத்தா சேரன்மகாதேவிப் பக்கம் ஜாதகம் கணித்துக் கொடுத்தவர். அவருடைய நோட்டுகளில் கொல்லம் ஆண்டு, தமிழ் மாதம், உதயாதி நாழிகை என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதால்தான் கோபம் வருகிறது. சாஸ்திரம் சொல்லாத தீர்ப்பைச் சாஸ்திரத்தின் பேரால் சொல்கிறார்கள்.

முதலில் வீடு என்றால் என்ன என்று பார்ப்போம். பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி உதயமாகிறதோ அது லக்னம். நம் கட்டத்தில் 'ல' என்று குறித்திருப்பார்கள். அதுதான் முதல் வீடு. அங்கிருந்து வலமாக எண்ணிக்கொண்டு போனால் 12 வீடுகள். உடம்பும் இயல்பும் முதல் வீடு. பணம், குடும்பம், வாக்கு இரண்டு. தைரியமும் இளைய சகோதரமும் மூன்று. இந்தப் பட்டியல் எல்லாருக்கும் தெரியும், எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்கும். பட்டியலோடு நின்றுவிடுவதுதான் தப்பு.

நம் தெருவில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வோம்? வீட்டுக்காரர் இன்னார், அவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார், உள்ளே குடியிருப்பவர் வேறொருவர், எதிர்த்த வீட்டுக்காரர் எப்போதும் ஒரு கண் வைத்திருப்பார் என்று சொல்வோம். ஜாதகத்து வீடும் அப்படித்தான். அந்த ராசிக்கு அதிபதி யார், அவர் எந்த வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே யார் இருக்கிறார், யாருடைய பார்வை விழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாக் கிரகத்துக்கும் ஏழாம் பார்வை உண்டு. செவ்வாய்க்கு நாலும் எட்டும், குருவுக்கு ஐந்தும் ஒன்பதும், சனிக்கு மூன்றும் பத்தும் கூடுதல். இத்தனையும் பார்த்த பிறகும் காரகன், அதாவது கேட்கிற விஷயத்துக்கே பொறுப்பான கிரகம் என்று ஒருவர் பாக்கி இருக்கிறார்.

காரகன் ஏன் முக்கியம் என்பதற்கு நாலாம் வீடு நல்ல உதாரணம். தாய், சொந்த வீடு, நிலம், கிணறு, வாகனம், படிப்பு, சுகம் எல்லாம் அந்த ஒரே கட்டத்தில் இருக்கின்றன. "நாலாம் இடம் கெட்டுருக்கு" என்று ஒரு ஜோசியர் சொன்னால் இதில் எது கெட்டது? தாய்க்குச் சந்திரனைப் பார்க்க வேண்டும், நிலத்துக்குச் செவ்வாய், வாகனத்துக்குச் சுக்கிரன், படிப்புக்குப் புதன். ஒரே வீடுதான், கேள்விக்குத் தகுந்தபடி ஆள் மாறுகிறார். தாயை இளம் வயதில் இழந்து, நிலபுலனோடு நன்றாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள், அம்மா மடியிலேயே வளர்ந்து கடைசி வரை வாடகை வீட்டில் இருந்தவர்களும் இருக்கிறார்கள். கட்டம் ஒன்று என்பதற்காகப் பலனும் ஒன்றாகிவிடாது.

சரி, எட்டாம் வீட்டுக்கு வருவோம். ஆயுள் ஸ்தானம் என்று பெயர். அதை மறைவு ஸ்தானம், துஸ்தானம் என்றும் சொல்வதால் அந்த எண்ணைக் கேட்டாலே பயம். ஆனால் ஆயுளுக்குக் காரகனான சனி எட்டில் இருந்தால் தீர்க்காயுள் என்பதும் இதே சாஸ்திரம்தான். ஆணின் ஜாதகத்தில் எட்டைப் பார்த்து 'ஆயுள்' என்கிறவர்கள், பெண்ணின் ஜாதகத்தில் அதே கட்டத்தைப் பார்த்து 'மாங்கல்ய ஸ்தானம்' என்கிறார்கள். அதாவது கணவன் எவ்வளவு காலம் இருப்பான் என்பதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது இதுதான். மாப்பிள்ளைக்கென்று ஒரு எட்டாம் வீடு இருக்கிறதே, அதை யார் பார்ப்பது? அவனுடைய ஆயுள் அவனுடைய எட்டிலும், எட்டுக்கு எட்டான மூன்றிலும், லக்னாதிபதியின் பலத்திலும் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அவனுடைய உயிரை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றி வைப்பது எந்த நியாயம்? இன்னொன்றும் இருக்கிறது. ஏழு என்பது கணவன் என்றால், ஏழுக்கு இரண்டாம் வீடுதான் எட்டு. இரண்டு என்பது வாக்கும் குடும்பமும் பணமும் ஆயிற்றே. அப்படியானால் ஒரு பெண்ணின் எட்டாம் வீட்டில் புகுந்த வீட்டாரின் வாயும் வரவு செலவும் சேர்ந்தே இருக்கின்றன. பாவத்துக்குப் பாவம், அதாவது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் இதை மறுக்க முடியாது. எட்டில் செவ்வாய் என்றால் அந்த வீட்டில் சூடான பேச்சு இருக்கலாம், பணத் தகராறு வரலாம், பிள்ளை கொஞ்சம் தெம்பாக இருக்க வேண்டும் என்றுகூட அதைப் படிக்கலாம். மாமியார் வீட்டாரைத் திருத்தச் சொல்லும் பலன் என்றே நான் அதை எடுத்துக்கொள்வேன்.

செவ்வாய் தோஷக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். 12 கட்டத்தில் 5. உலகத்தில் பிறக்கிறவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இதில் வந்துவிடுவார்கள். லக்னம் போதாது, சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் எண்ண வேண்டும் என்று சேர்த்துக்கொண்டால் தப்புகிறவர்கள் சிறுபான்மைதான். இது தெரிந்துதான் முன்னோர்கள் விதிவிலக்குகளை அடுக்கி வைத்தார்கள். செவ்வாய் தன் சொந்த ராசியில் ஆட்சியாகவோ, பலம் மிகுந்த ராசியில் உச்சமாகவோ இருந்தால் தோஷம் இல்லை. கடக லக்னத்துக்கும் சிம்ம லக்னத்துக்கும் அவர் யோகாதிபதி, அதாவது நன்மை செய்கிறவர், அதனால் தோஷம் இல்லை. எட்டாம் வீடு தனுசாகவோ மீனமாகவோ இருந்து அதில் செவ்வாய் இருந்தாலும் தோஷம் இல்லை. நான் மேலே சொன்ன தங்கச்சி சிம்ம லக்னம். அவளுக்கு எட்டு மீனம். இரண்டு விதிவிலக்கு ஒரே ஜாதகத்தில் இருக்கிறது. ஆனால் மொபைல் ஜாதக ஆப்பில் சிவப்பு எழுத்தில் 'தோஷம் உண்டு' என்று வந்துவிட்டது. அதற்கு மேல் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

பரிகாரத்தை நான் குறை சொல்லவில்லை. நவகைலாயத்தில் செவ்வாய்க்கு உரிய கோடகநல்லூருக்கும், நவதிருப்பதியில் செவ்வாய்க்கு உரிய திருக்கோளூருக்கும் நானும் போய் வந்திருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் அந்தக் கோயில்களில் நின்றால் மனசு லேசாகும். அந்தக் கோயில்களுக்குப் பெண்ணைப் பயத்தோடு துரத்திவிடாமல், ஆசையோடு அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு விநோதம். கணவன் அல்லது மனைவியைக் குறிக்கிற ஏழாம் வீடு காலியாக இருந்தால் "களத்திர ஸ்தானத்தில் ஆளே இல்லையே" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். வேறு சிலர் அதே ஜாதகத்தைப் பார்த்து "ஏழு, எட்டு சுத்தம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். கிரகங்கள் 9, வீடுகள் 12. எப்படி உட்கார்ந்தாலும் மூன்று வீடாவது காலியாகத்தான் இருக்கும். காலி வீட்டுக்கும் அதிபதி உண்டு, அவரைப் பார்த்தால் போதும்.

ஐந்தாம் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரன் யாரும் ஜாதகம் பேச முடியாது. பூர்வ புண்ணியம், பிள்ளைகள், குலதெய்வம் மூன்றும் அங்கே இருக்கின்றன. பங்குனி உத்திரத்துக்கு மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் எல்லாரும் குடும்பத்தோடு வந்து இறங்கி, குளத்தங்கரையிலும் காட்டுக்குள்ளும் இருக்கிற தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போகிறார்களே, அந்தப் பயணம் முழுக்க ஐந்தாம் வீட்டுச் சமாச்சாரம். முன்னோர், நான், எனக்குப் பின் வருகிற பிள்ளை என்ற வரிசையை ஒரே கட்டத்தில் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து ஒன்பது, அது தகப்பனார் ஸ்தானம். வரிசை இன்னும் பின்னால் போகிறது.

இவ்வளவு அழகான வீட்டை வைத்தும் பெண்களை நோகடிக்கிறார்கள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் பிள்ளை இல்லை என்றால் மருமகளின் ஜாதகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். "ஐந்தில் பாம்பு (ராகு, கேது), அவளுக்குத்தான் குறை" என்று கேட்டு வந்து வீட்டில் சொல்கிறார்கள். நூல்கள் என்ன சொல்கின்றன? ஆணுக்குப் பீஜ ஸ்புடம், பெண்ணுக்கு க்ஷேத்திர ஸ்புடம் என்று இரண்டு தனிக் கணக்கு இருக்கிறது. இருவரையும் சோதிக்க வேண்டும் என்று அந்தக் காலத்துக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. இரண்டு ஜாதகத்தையும் கொண்டுபோங்கள். அதற்கு முன்னால் இரண்டு பேருமாக டாக்டரிடம் போங்கள்.

ஆறு, பன்னிரண்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு கடன், நோய், எதிரி. ஆனால் அது உபசய ஸ்தானமும்கூட. 3, 6, 10, 11 நாள்பட நாள்பட வளரும் இடங்கள். சனி, செவ்வாய் போன்ற பாவ கிரகம் ஆறில் இருந்தால் எதிர்த்து நிற்கிற தெம்பு வரும் என்பார்கள். கடனை அடைத்துக் காட்டிய எத்தனையோ பேர் இந்த வீட்டுக்காரர்கள். பன்னிரண்டு விரயம். அதோடு தூர தேச வாசம், நல்ல தூக்கம், மோட்சம் எல்லாமும் அதுதான். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற எங்கள் ஊர்களில் பன்னிரண்டாம் இடத்தைக் கெட்ட இடம் என்று எப்படிச் சொல்வது? அங்கிருந்து வருகிற பணத்தில்தான் இங்கே தங்கச்சி கல்யாணமும் மாடி வீடும் நடக்கின்றன. அதுவும் விரயம்தான், சுப விரயம்.

கடைசியாக, வீடுகளை வைத்து இவ்வளவு பேசுகிறோம், அதற்கு ஆதாரமான பிறந்த நேரத்தை யாரும் சரியாகக் குறிப்பதில்லை. லக்னம் ஒரு பாகை நகர ஏறக்குறைய 4 நிமிஷம், ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய 2 மணி நேரம். ராசி மாறுகிற சந்தியில் பிறந்த குழந்தைக்கு அந்த 4 நிமிஷம் பிசகினால் 12 வீடும் ஒரு கட்டம் தள்ளிப்போகும். எட்டில் இருந்த செவ்வாய் ஏழுக்கோ ஒன்பதுக்கோ போய்விடுவார். பழைய ஜாதகங்களில் நாழிகைக் கணக்கு, அதற்கப்புறம் மருத்துவச்சி சொன்ன நேரம், இப்போது வார்டில் யாரோ குத்துமதிப்பாக எழுதுகிற நேரம். ஒரு பெண்ணின் சம்பந்தத்தைத் தட்டிவிடும் முன், அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று அவள் அம்மாவிடம் கேளுங்கள். லக்னம் எத்தனை பாகையில் இருக்கிறது என்று ஜோசியரிடம் கேளுங்கள். வீடுகளை லக்னத்தின் பாகையிலிருந்து பிரித்துக் காட்டும் பாவச் சக்கரமும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் ஜாதகத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தத் தங்கச்சிக்கு இன்னும் வரன் பார்க்கிறோம். சிம்ம லக்னம், பூரம் நட்சத்திரம், பேங்கில் வேலை. ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.