போபால் பட்டாணியர் யாருன்னு கேட்டா...

போபால்னாலே நமக்கெல்லாம் 1984 விஷவாயுதான் ஞாபகம் வரும், அந்த ஊரு எப்படி வந்துச்சுன்னு யாரும் யோசிக்கிறதே இல்ல. 2023ல பக்கத்துல இருக்கிற இஸ்லாம்நகர் பேரை பழையபடி ஜகதீஷ்பூர்னு மாத்தினாங்க. இந்த மாதிரி பேச்சு வந்தாலே, ஜகதீஷ்பூரைப் பிடிச்சு இஸ்லாம்நகர்னு பேரு வச்ச, போபால் சமஸ்தானத்தை ஆரம்பிச்ச தோஸ்த் முகமது கானை ஒரு குரூப் கொடுங்கோலன்ங்கும், இன்னொரு குரூப் மகான்ங்கும். எனக்கு ரெண்டுமே ஒத்துவரல.

மனுஷன் கைபர் பக்கம் திரா மலையில இருந்து பொழப்பு தேடி வந்த ஒரக்சாய் குலத்து பட்டாணி (பஷ்தூன்). முகலாயப் படையில இருந்தாரு, 1707ல ஔரங்கசீப் செத்ததும் போபால் இருக்கிற மால்வா பகுதியில கேக்க ஆளில்ல, காசு குடுக்கிறவனுக்காக சண்டை போட்டாரு, 1709ல போபால் பக்கத்துல பெரசியாங்கிற ஊரை எடுத்தது கூட படையெடுத்து இல்லங்க, குத்தகைக்கு! அதுக்காக அவரை வெள்ளையடிக்கவும் வேணாம். ஜகதீஷ்பூர் ராஜபுத்திர தலைவரை ஆத்தங்கரையில விருந்துக்குக் கூப்பிட்டு, கூடாரக் கயித்தை அறுத்துவிட்டு வெட்டிக் கொன்னாங்கன்னு அந்தப் பக்கம் இன்னைக்கும் சொல்றாங்க. கோண்டு பழங்குடி ராணி கமலாபதி, தன் புருஷனைக் கொன்னவங்களைப் பழிவாங்க இவரைத்தான் கூலிக்கு வச்சாங்க, பேசின லட்ச ரூபாய்ல பாதிதான் குடுக்க முடிஞ்சுது, மீதிக்கு போபால் கிராமத்தை எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. ராணி செத்தப்புறம் அவங்க கின்னோர்கர் கோட்டையையும் இவரே எடுத்துக்கிட்டாரு. (2021ல போபால் ஹபீப்கஞ்ச் ரயில்வே ஸ்டேஷனுக்கு வச்சது இந்த ராணி பேருதான்.)

ஆனா இந்த சண்டையில யாரும் பேசாத ஆளுங்க இருக்காங்க. அவரு பின்னாடியே திராவுல இருந்து சொந்தபந்தமா கிளம்பி வந்த சாதாரண பட்டாணிங்க. கோட்டை, அரண்மனைன்னு ஒண்ணும் கிடையாது, அங்க வளர்ற பர்ரூ நாணலை வெட்டி குடிசை போட்டு உக்காந்தாங்க, அதான் 'பர்ரூகாட்' பட்டாணிங்கன்னு பேரு. பழைய போபால்காரன்னு பெருமையா சொல்லிக்க இன்னைக்கும் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க. அவங்க பஷ்தோ மொழி போய் உருது வந்துருச்சு, ஊரோட கலந்துட்டாங்க. தோஸ்த் முகமது கட்டின ஃபதேகர் கோட்டையே ராஜபுத்திர வம்சத்துல பொறந்த அவரு மனைவி ஃபதே பீபி பேருலதான்.

அப்புறம் 1819ல இருந்து 1926 வரைக்கும், நடுவுல ஒரு ஏழு வருஷம் தவிர, தோஸ்த் முகமது வம்சத்து பேகம்கள் நாலு பேர்தான் போபாலை ஆண்டாங்க. முந்நூறு வருஷம் ஒரே மண்ணுல இருந்தவங்களை இன்னும் 'வந்தேறி'ன்னா, வேற யாருதான் சார் உள்ளூர்க்காரன்? பேரை மாத்துறதுன்னா மாத்திக்கோங்க, ஆனா போர்டுல அந்த விருந்துக் கொலையையும் எழுதுங்க, நாணல் குடிசை போட்டவங்களையும் எழுதுங்க.