கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல்

நான் பெரிய எழுத்தாளன் எல்லாம் இல்லை. பகலில் கணக்கு பார்க்கிற வேலை, ராத்திரி வீடு அடங்கிய பிறகு சிறுகதை. இதுவரை அச்சில் வந்தவை நான்கு. லாரி டெஸ்லர் என்று ஒரு மனிதர் இல்லாவிட்டால் அந்த நான்கும் வந்திருக்காது. பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் அவர் கைப்பட்ட சங்கதியை இன்று காலையிலிருந்து பத்துத் தடவையாவது பயன்படுத்தியிருப்பீர்கள். கட், காப்பி, பேஸ்ட்.

தொழில்நுட்ப மேதைகள் என்று பேச்சு வந்தாலே மேடையேறிப் புதுப் பொருளைத் தூக்கிக் காட்டியவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். என் ஓட்டு டெஸ்லருக்கு.

கையால் எழுதிய காலத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. மூன்றாம் பக்கத்துப் பத்தி ஐந்தாம் பக்கத்துக்குப் போனால்தான் கதை நிற்கும் என்று நன்றாகத் தெரியும், ஆனால் மாற்றினால் மூன்றிலிருந்து பதினொன்று வரை திரும்ப எழுத வேண்டும், உடனே மனசு 'இப்படியே இருக்கட்டும், இதுவும் நல்லாத்தான் இருக்கு' என்று சமாதானம் சொல்லிவிடும். அம்புக்குறி, ஓரத்தில் நட்சத்திரம், 'பின்பக்கம் பார்க்க' என்று குறிப்பு, கடைசியில் என் தாள் எனக்கே புரியாது. ஒரு தடவை நிஜமாகவே கத்தரிக்கோல் எடுத்துப் பத்தியை வெட்டி வேறு தாளில் ஒட்டினேன். தாளின் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன் என்பது வெட்டிய பிறகுதான் உறைத்தது. அதோடு ரொம்ப நாள் எழுதவே இல்லை.

பதிப்பகங்களில் கத்தரிக்கோலும் பசையும் வைத்துத்தான் ஒரு காலத்தில் வேலை நடந்தது. கட், பேஸ்ட் என்கிற பெயரே அங்கிருந்து வந்ததுதான். டெஸ்லர் 1973-ல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே பிராவோ என்று ஆவணம் எழுதுகிற ஒரு மென்பொருள். அதில் எழுதுகிற நிலை வேறு, கட்டளை கொடுக்கிற நிலை வேறு. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து 'எடிட்' என்கிற ஆங்கிலச் சொல்லை அடித்தால் தொலைந்தோம். முதல் எழுத்துக்கு 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று பொருள், இரண்டாவதுக்கு 'அழி', மூன்றாவதுக்கு 'நுழை'. மொத்த ஆவணமும் காணாமல் போய், மிஞ்சிய கடைசி எழுத்து மட்டும் திரையில் ஒற்றையாக நிற்கும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது.

டெஸ்லருக்கு இந்த 'நிலை' சமாச்சாரமே ஆகாது. தன் காரின் நம்பர் பிளேட்டில்கூட 'நோ மோட்ஸ்', அதாவது 'நிலைகள் வேண்டாம்' என்றுதான் வைத்திருந்தார். கணினி பழகாத ஒரு செயலாளரை வெற்றுத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, திருத்தம் போட்ட தாளைக் கையில் கொடுத்து, 'இதை எப்படிச் செய்வீர்கள்' என்று கேட்டார். அந்தச் செயலாளர் தொட்டுக்காட்டிய விதத்தில்தான் மென்பொருள் நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு டெஸ்லரைப் பிடிக்கும். டிம் மாட் என்பவரோடு சேர்ந்து, ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஒரு பாடநூல் பதிப்பகத்துக்காக ஜிப்ஸி என்ற மென்பொருளை உருவாக்கினார். எழுத்தை இடம் மாற்றும் வசதி அதற்கு முன்பும் சில மென்பொருள்களில் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதை எங்களை மாதிரி ஆட்களின் கைக்கு வரும்படி எளிமையாக்கியதில்தான் இவர்களுக்குப் பங்கு. 1980-ல் டெஸ்லர் ஆப்பிளுக்குப் போனார், 1983-ல் லிசா, 1984-ல் மெக்கின்டாஷ் என்று ஆப்பிளின் கணினிகளில் இந்த வசதி வந்தது, அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

என் கதைக்கு வருகிறேன். வாடகை வீட்டைக் காலி செய்கிற ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன், ஆறு பக்கம், உயிரே இல்லை. 'சாவி இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது' என்பது கடைசி வரி. ஒரு ராத்திரி சும்மா, விளையாட்டாக, அதை வெட்டிக் கதையின் தலையில் வைத்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் பாதிக் கதை தேவையில்லாமல் போனது. பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துக்கொள்ளலாம் என்கிற தைரியம்தான் கையை ஓட்டியது. கையால் எழுதினால்தான் யோசித்து எழுதுவோம் என்பார்கள். சரி, அவர்களுக்கு அப்படி இருக்கலாம். எனக்கு இடம் மாற்றிப் பார்த்தால்தான் யோசனையே வருகிறது.

குறையும் உண்டு. ஒருமுறை மொபைலில் எழுதும்போது நல்ல பத்தி ஒன்றைக் கட் பண்ணி வைத்திருந்தேன், இடையில் ஒரு ஓடிபி வந்தது, அதைக் காப்பி செய்தேன், பத்தி போச்சு. கதை நடுவே ஆறு இலக்க எண்ணை ஒட்டிவிட்டு முழித்தேன், பதற்றத்தில் செயலியையும் மூடித் தொலைத்தேன். இன்னொன்று, அடுத்தவர் பதிவை அப்படியே சுட்டுத் தன் பெயரில் போடுகிற மகராசன்கள். அதற்கு டெஸ்லர் என்ன செய்வார்?

அவர் 2020 பிப்ரவரியில், 74 வயதில் இறந்தார். இரங்கல் குறிப்புகளையே பலர் காப்பி பேஸ்ட் செய்து கிண்டலும் மரியாதையுமாகப் பகிர்ந்தார்கள்.

ஓடிபி சம்பவத்துக்குப் பிறகு வெட்டுகிற எதையும் 'மிச்சம்' என்று ஒரு கோப்பில் போட்டு வைக்கிறேன். நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. சாவிக் கதையின் பாதியும் அங்கேதான் கிடக்கிறது. போன வாரம் அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் புதுக் கதையில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. திரும்பக் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிட்டேன்.