காற்புள்ளிக்கு முன் வினைமுற்றைத் தேடச் சொல்லுங்கள்

மலேசியாவில் இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கும் மாதங்களில், பினாங்கின் பட்டர்வொர்த்திலும் ஜோர்ஜ்டவுனிலும் ஆங்கில டியூஷன் நடத்தும் எங்களைப் போன்றவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரே வகையான கோரிக்கைதான் வந்து குவிகிறது. "டீச்சர், கிராமருக்கு நோட்ஸ் இருந்தால் அனுப்புங்கள், பங்சுவேஷனுக்குத் தனியாக இருந்தால் இன்னும் நல்லது" என்று கேட்கும் தாய்மாரின் கவலை நியாயமானது. ஆனால், காற்புள்ளிக்கு இத்தனை விதி, அரைப்புள்ளிக்கு இத்தனை விதி என்று அச்சடித்துக் கைமாறும் அந்தத் தாள்களால் நம் பிள்ளைகளுக்குப் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. அவற்றிலுள்ள விதிகளில் பிழை இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஏற்கெனவே ஓர் இலக்கண அறிவு இருக்கிறது என்பதை மட்டும் அவை கண்டுகொள்வதே இல்லை.

முதலில், தேர்வு எதைக் கேட்கிறது என்று பார்த்துவிடலாம். 2021 முதல் நடப்பில் இருக்கும் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் எழுத்துத் தாளின் ஒவ்வொரு பகுதியும் உள்ளடக்கம், கருத்தைக் கொண்டுசேர்க்கும் திறன், ஒழுங்கமைப்பு, மொழி என்ற நான்கு அளவுகோல்களால் ஐந்தைந்து புள்ளிகளுக்குத் திருத்தப்படுகிறது. பல்கலைக்கழகம் செல்வோர் எழுதும் மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்விலும் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு தாள்களுக்குத் தலா 90 புள்ளிகள், மொத்தம் 360. இலக்கணத்துக்கென்று தனித் தாள் கிடையாது. இலக்கணத்தை நேரடியாகக் கேட்பது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காகச் சிலர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுதான். அதன் மொழிப் பகுதியிலுள்ள 54 கேள்விகளில் 11 முதல் 15 வரை எழுத்து மரபை, அதாவது இலக்கணத்தையும் நிறுத்தக்குறிகளையும் பற்றியவை. அவற்றிலும் ஒரு பெரிய பகுதி, ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சோதிக்கிறது.

நம் பிள்ளைகள் தடுமாறுவதும் சரியாக அந்த இடத்தில்தான். படிவம் 5 மாணவர்களின் கட்டுரைகளில் நான் ஓயாமல் சிவப்பு மையால் வட்டமிடும் வாக்கியம் இந்த வகையைச் சேர்ந்தது: "தி பஸ் வாஸ் லேட், வீ மிஸ்ட் தி ஃபெரி." ஆங்கிலத்தில் இது பிழை, ஏனென்றால் தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை ஒரு காற்புள்ளியால் மட்டும் இணைக்க முடியாது. ஆனால், "பேருந்து தாமதமாக வந்தது, ஃபெரியைத் தவறவிட்டோம்" என்று தமிழில் எழுதிப் பாருங்கள். நமக்கு எதுவும் உறுத்தாது. நம் மொழியில் வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைச்சொல், பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. 'வந்தது' என்ற சொல்லிலேயே வாக்கியம் முடிந்துவிடுவதால், பின்னால் வருவது காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்பது படிப்பவருக்குப் பெரிய வேறுபாடாகத் தெரிவதில்லை. ஓலைச்சுவடிகள் இன்று நாம் இடும் நிறுத்தக்குறிகள் இல்லாமலேயே எழுதப்பட்டன. அந்தக் குறிகள் ஐரோப்பிய அச்சு முறையோடு நமக்கு வந்து சேர்ந்தவை. ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிட்டு, அதன் பின் இன்னும் பல சொற்கள் தொடர்வதால், முடிவைக் காட்டும் வேலை குறியின் தலையில் விழுகிறது.

இதைப் பிள்ளைக்குச் சொல்லாமல், "மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி போடு" என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. என்னைக் கேட்டால், ஆங்கில வகுப்பில் சொல்லப்படும் அறிவுரைகளிலேயே மிக அதிகமாகக் கெடுதல் செய்தது இதுதான். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஒரு விதி, ஓட்டப்பந்தய வீரனுக்கு ஒரு விதி என்று எந்தத் தேர்வு வாரியமும் வைத்திருக்கவில்லை.

காற்புள்ளியைத் தொடும் முன் வினைமுற்றைத் தேடச் சொல்லுங்கள். தேடும் வழியைத் தமிழிலிருந்தே காட்டலாம். "நேற்று வந்து போனான்", "நாளை வந்து போவான்" என்ற இரண்டில், நாள் மாறும்போது மாறுவது முற்று, மாறாமல் நிற்கும் 'வந்து' எச்சம், அதாவது முடிவு பெறாத வினை. ஆங்கில வாக்கியத்திலும் 'யெஸ்டர்டே', 'எவ்ரி டே' என்று மாற்றி மாற்றிப் போட்டால் எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுவே முற்று. 'வாக்கிங்', 'டு வாக்' போன்றவை அசையாமல் நிற்கும். மலாய் மொழியின் வழியாக இதை விளக்குவது கடினம், ஏனென்றால் அங்கே வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை. அந்த வகையில் நம் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். தனித்தனி எழுவாயோடு இரண்டு முற்றுகள் இருந்து, இடையில் இணைப்புச் சொல்லும் இல்லை என்றால், முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், அல்லது ஓர் இணைப்புச் சொல்லைச் சேர்க்க வேண்டும். 'ஹவெவர்' என்ற சொல் அந்த இணைப்பு வேலையைச் செய்யாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மலாய் வகுப்பில் 'ஆனால்' என்று பொருள்படும் 'தெத்தாப்பி'க்கு முன் காற்புள்ளி இட்டுப் பழகிய கை, பொருள் ஒன்றுபோல் இருப்பதால் 'ஹவெவர்'க்கு முன்னும் அதையே இட்டுவிடுகிறது. எஸ்.ஏ.டி. கேள்விகளில் தவறான விடைகள் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் வைக்கப்படுகின்றன.

எச்சத்தைப் பற்றி இன்னொன்று. ஜோர்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்தை வைத்து எழுதிய "வாக்கிங் டு கொம்தார், தி ரெயின் ஸ்டார்ட்டட்" என்ற வாக்கியத்தில் என்ன பிழை என்று கேட்டால் பல மாணவர்கள் விழிப்பார்கள். அதையே "கொம்தாருக்கு நடந்து மழை தொடங்கியது" என்று தமிழில் சொன்னால் வகுப்பே சிரிக்கும். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் என்ற விதி, பெயர் தெரியாவிட்டாலும், அவர்கள் காதில் இருக்கிறது. எழுவாயும் வினையும் ஒத்துப்போவதும் அப்படித்தான். "தி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடென்ட்ஸ் ஹேவ் அரைவ்ட்" என்று எழுதும் பிள்ளை, "மாணவர்களின் பட்டியல் வந்துவிட்டார்கள்" என்று ஒருநாளும் பேசமாட்டான். பிரித்தானிய வழக்கில் 'டீம்' போன்ற, ஒரு குழுவைக் குறிக்கும் சொல்லைப் பன்மையாகவும் எழுதுவார்கள், அமெரிக்க வழக்கில் ஒருமைதான் என்ற ஒரு குறிப்பை மட்டும் எஸ்.ஏ.டி. எழுதுவோர் தனியாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தமிழ்ப்பள்ளியில் போட்டதால்தான் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டது என்று சொல்லும் பெற்றோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். இந்த நாட்டின் தமிழ்க்கல்வி வரலாறு, 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்னும் ஆங்கிலப் பள்ளிக்குள் நடந்த ஒரு தமிழ் வகுப்பிலிருந்துதான் எழுதப்படுகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. "மை ஃபாதர் லாரி டிரைவர்" என்று 'இஸ்' விட்டுப்போவதற்குத் தமிழும் மலாயும் சேர்ந்தே காரணம். இரண்டிலும் அந்த இடத்தில் வினைச்சொல் தேவைப்படுவதில்லை. இப்படிப் பெயர்ச்சொல்லே பயனிலையாக வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு வினை வேண்டும் என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தால் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. 'எ', 'தி' ஆகிய இரண்டும் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. நம் வீட்டு மொழியிலும் பள்ளி மொழியிலும் அவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை, விதிகளோ விலக்குகளால் நிறைந்தவை. இதற்கு நான் கொடுப்பது ஒரே ஒரு வேலை. 1971இல் இதே பினாங்கில் தொடங்கிய 'தி ஸ்டார்' நாளிதழிலிருந்து ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள 'எ', 'ஆன்', 'தி' அனைத்தையும் பெற்றோர் திருத்தும் மையால் மறைத்துவிட்டு, இடைவெளியே தெரியாதபடி ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே சொல் விட்டுப்போயிருக்கிறது என்பதையும் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். இடைவெளியைக் கோடிட்டுக் காட்டிவிட்டால் பயிற்சியில் பாதி போய்விடும், ஏனென்றால் தேர்வுத் தாளில் அந்தக் கோட்டை யாரும் போட்டுக் கொடுக்கப்போவதில்லை.