பெயர் படத்துக்குள் இருக்க வேண்டும்

வீட்டுக் கணினியில் குவிந்துவிட்ட புகைப்படங்களை ஒழுங்குபடுத்தவும் திருத்தவும் எந்த மென்பொருள் நல்லது என்று உறவினர்கள் என்னிடம் கேட்கும்போது, பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது முகத்தைப் பளிச்சென்று ஆக்குவதும் பின்னணியை மாற்றுவதும்தான். என் கருத்தில் அது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று நாம் பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறோமே, அந்த எழுத்து எங்கே போய்த் தங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலூர்க் கோட்டைக் கோயிலில் ஜலகண்டேஸ்வரர் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்ட 1981ஆம் ஆண்டில், எங்கள் குடும்பத்தார் 11 பேர் அகழிக்கரையில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று காட்பாடி வீட்டுப் பெட்டியில் இருந்தது. அதையும் அதனுடன் கிடந்த இருநூற்றுச் சொச்சம் படங்களையும் ஸ்கேன் செய்து, அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதினேன். சில ஆண்டுகள் கழித்துக் கணினி பழுதாகி, விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. டி டிரைவில் இருந்த படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெயர்கள் எல்லாவற்றையும் அந்த மென்பொருள் சி டிரைவில் தனக்கென ஒரு தரவுத்தளத்தில் வைத்திருந்ததால், அவை அதனுடனேயே அழிந்துபோயின. அதற்குள் அத்தையும் காலமாகிவிட்டார். அந்த 11 பேரில் நால்வர் யாரென்று சொல்ல இன்று எங்கள் வீட்டில் ஆளில்லை.

ஜேபெக் என்பது நம் புகைப்படங்கள் பெரும்பாலும் சேமிக்கப்படும் கோப்பு வடிவம். அதற்குள் படம் மட்டும் இருப்பதில்லை. கேமரா பதியும் தேதியும் நேரமும் எக்ஸிஃப் என்ற பகுதியில் இருக்கின்றன. நாம் எழுதும் பெயர், ஊர், குறிப்பு ஆகியவற்றுக்கு ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற பொது வடிவங்கள் இருக்கின்றன. இவற்றில் எழுதினால், அது ஸ்டுடியோக்காரர் படத்தின் பின்புறம் பேனாவால் எழுதிக் கொடுத்ததைப் போல, படம் எங்கே போனாலும் கூடவே போகும். மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் எழுதினால், அந்த மென்பொருள் இருக்கும் வரைதான் அதற்கு ஆயுள். பலரும் விரும்பிய பிகாசா என்ற புகைப்பட மென்பொருளை கூகுள் 2016இல் நிறுத்தியது. ஆப்பிள் தன் அப்பர்ச்சர் மென்பொருளின் விற்பனையை 2015இல் நிறுத்தியது. கூகுள் போட்டோஸில் இலவச இடம் 15 ஜிபிதான் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அங்கே நாம் எழுதிய விளக்கங்கள் மொத்தமாகத் தரவிறக்கும்போது படத்துக்குள் வராமல் தனிக் கோப்புகளாக வருவதுதான். அடோபியின் புகைப்பட மென்பொருளான லைட்ரூம் தரமானது, ஐயமில்லை. ஆனால் அது சந்தா கேட்கிறது, குறிப்புகளையும் தானாகவே படத்துக்குள் எழுதிவிடுவதில்லை, அமைப்பில் போய் நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே நான் டிஜிகாமைத் தேர்ந்தெடுத்தேன். அது இலவசம், கட்டற்ற மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குகிறது. முகங்களை அடையாளம் காணும் வேலையை நம் கணினியிலேயே செய்வதால், வீட்டுப் பெண்களின் படங்களையும் குழந்தைகளின் படங்களையும் எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. தமிழில் எழுதிய பெயர்களைத் தமிழிலேயே தேடலாம். முதல் பார்வைக்கு மிரட்டும் மென்பொருள்தான். என் பழைய கணினியில் முதல் நாள் எல்லாப் படங்களையும் படித்து முடிக்க இரவு முழுவதும் ஆயிற்று. அக்காள் தங்கை முகங்களை இன்றும் மாற்றிச் சொல்கிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நிறுவியவுடன், மெட்டாடேட்டா எனப்படும் இந்தக் குறிப்புகளுக்கான அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, முகப்பெயர்களும் குறிப்புகளும் கோப்புக்குள் எழுதப்படுகின்றனவா என்பதை மட்டும் சரிபார்த்துவிடுங்கள்.

ஊர்ப் பெயர் எழுதுவதில் நம் பக்கத்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய படங்களின் பின்னால் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டப் பெயரை நம்பி அடுக்கினால், ஆற்காட்டில் நடந்த ஒரே வீட்டுத் திருமணங்கள் வட ஆற்காடு, வேலூர், ராணிப்பேட்டை என்று மூன்று இடங்களில் சிதறிவிடும். ஊர்ப் பெயரை மட்டும் குறிச்சொல்லாக வைத்துக்கொள்வதே சரி. தேதியிலும் கவனம் தேவை. ஸ்கேன் செய்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாள்தான் பதிவாகும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் எடுத்த நாள் அழிந்துபோயிருக்கும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கெல்லாம், கோப்புப் பெயரில் இருந்த தேதியைப் பார்த்து நானே நாள் குறித்தேன்.

திருத்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மங்கிய நிறத்தைச் சரிசெய்யவும் ஓரத்தை வெட்டவும் டிஜிகாமே போதும், கீறல்களை நீக்க கிம்ப் இருக்கிறது, கேமரா சுருக்காமல் அப்படியே பதியும் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள் இருக்கிறது. மூலப்படத்தின் மேலேயே சேமிக்கும் எதையும் நான் ஏற்பதில்லை, ஏனெனில் ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் தரம் கொஞ்சம் குறைகிறது.

எந்த மென்பொருளானாலும், பணமும் நேரமும் செலவிடுவதற்கு முன் பத்துப் படங்களுக்குத் தமிழில் பெயர் எழுதி, பென் டிரைவில் எடுத்துச் சென்று, வேறொரு கணினியில் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். பெயர் அங்கேயும் தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் இப்போது இரண்டு வெளி வன்தட்டுகள் இருக்கின்றன. ஒன்று காட்பாடியில் என் மேசையில் இருக்கிறது. மற்றொன்று குடியாத்தத்தில் தங்கை வீட்டில் இருக்கிறது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகும்போது ஆண்டுதோறும் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றை வாங்கி வருகிறேன்.