வேலை தேடற பசங்களுக்கும், வேலையில இருக்கற நமக்கும்

நம்ம சேலத்துல படிச்சிட்டு வேலை இல்லாம இருக்கற பசங்க கிட்ட "யாருகிட்டயாச்சும் சொல்லி வெச்சிருக்கியா கண்ணு"ன்னு கேட்டா பாதிப் பேரு தலையக் குனிஞ்சுக்கறாங்க, யாரு முன்னாடியும் போய் நிக்கக் கூடாதுங்கற ரோஷம். மீதிப் பேரு "மாமா கிட்ட சொல்லியிருக்கு, பாத்துக்கறேன்னாரு"ன்னு சொல்லிட்டு அந்த ஒரு மாமாவ நம்பி மாசக்கணக்கா உக்காந்திருக்காங்க. ரெண்டையும் பாக்கறப்போ மனசு கஷ்டமா இருக்கு. ஏன்னா நான் ஒரு கம்பெனியில ஆள் எடுக்கற பக்கம் இருக்கேன், ஒரு காலி இடம் எப்படி நிரம்புதுன்னு கண்ணு முன்னாடி பாக்கறவன்.

இப்ப காலமும் லேசா இல்ல. 2025 ஜூலையில டிசிஎஸ் மாதிரி பெரிய ஐடி கம்பெனியே சுமார் 12,000 பேர குறைக்கப் போறதா சொல்லுச்சு, அடுத்த மாசமே அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதுல துணி ஏற்றுமதி பண்ற மில்லுக்காரங்க புதுசா ஆள் எடுக்க யோசிக்க ஆரம்பிச்சாங்க. இந்த மாதிரி நேரத்துல வேலையே இல்லாமப் போயிடறதில்ல, ஆனா வெளிய தெரியறது கொறைஞ்சிடும். ஒருத்தர் வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டாருன்னா மொதலாளி மொதல்ல சூப்பர்வைசர் கிட்ட "யாராச்சும் நல்ல ஆள் இருந்தா சொல்லுப்பா"ங்கறாரு, அப்புறம் ஆடிட்டர் கிட்ட, மெஷின் சர்வீசுக்கு வர்றவர் கிட்ட கேக்கறாரு, அங்கயும் ஆள் கெடைக்கலன்னாதான் விளம்பரம் போடறாரு. விளம்பரம் வந்த அன்னிக்கு சாயந்திரமே மெயில் பாக்ஸ் ரொம்பிடும், எல்லாத்தையும் திறந்து படிக்க எங்களால முடியறதில்ல, உண்மையச் சொல்லிடறேன். நம்ம பையன் அந்தக் கடைசிக் கட்டத்துல நூத்துல ஒருத்தனா நிக்கறான், அவங்கிட்ட திறமை இருக்கா இல்லையாங்கற கேள்வியே அங்க வர்றதில்ல.

சரி, அந்த மொத ரெண்டு கட்டத்துல எப்படி நம்ம பேரு போய்ச் சேரும்?

மார்க் கிரனோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆராய்ச்சியாளர், 1970 வாக்குல பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்ங்கற ஊர்ல, புது வேலைக்கு மாறுன ஆம்பளைங்க கிட்ட "இந்த வேலை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது"ன்னு விசாரிச்சாரு. பாதிக்கு மேல தெரிஞ்சவங்க மூலமாத்தான். அதுல என்ன விசேஷம்னா, வாரத்துல ரெண்டு தடவையாச்சும் பாக்கற நெருங்குன ஆள் மூலமா கெடைச்சது சுமார் 17 சதவீதம்தான். எப்பவாச்சும் பாக்கற ஆள் மூலமா சுமார் 56, வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் கம்மியாவோ பாக்கற ஆள் மூலமா சுமார் 28. காரணம் யோசிச்சா புரியுது, நம்ம கூடவே சுத்தற ஃப்ரெண்டுக்கு நமக்குத் தெரிஞ்சதுதான் தெரியும், அவனும் நம்ம கூடத்தான அஞ்சு ரோட்ல நிக்கறான். வேற எடத்துல பொழங்கற ஆளுக்குத்தான் வேற சேதி தெரியும்.

லிங்க்டுஇன்னு வேலைத் தொடர்புக்குன்னே ஒரு வலைத்தளம் இருக்கு, அதுல சுமார் 2 கோடி பேர வெச்சு இதையே பெருசா சோதிச்சுப் பாத்து 2022ல 'சயின்ஸ்'ங்கற ஆராய்ச்சிப் பத்திரிகையில வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர் அதிகமா பொழங்கற தொழில்கள்ல அரைகுறையாத் தெரிஞ்ச ஆட்கள்தான் வேலை மாற உதவறாங்க, அந்த அளவுக்கு கம்ப்யூட்டர் நுழையாத தொழில்கள்ல நெருங்குன ஆட்கள் உதவறாங்கன்னு அதுல வந்துச்சு. படிச்சப்போ எனக்கு நம்ம ஊரே கண்ணுல தெரிஞ்சுது. செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டையில தறி, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை, சங்ககிரியில லாரி, இதுக்கெல்லாம் ஆள் எடுக்கறது சொந்தபந்தம் வழியாத்தான், சித்தப்பா கை காட்டுனா மறுநாள் வேலை. இப்ப அந்த வீட்டுப் பசங்க பி.காம், பிசிஏ, பி.இ படிச்சிட்டு வர்றாங்க, சித்தப்பாவால பட்டறைக்குத்தான் கை காட்ட முடியும், சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவருக்கு யாரத் தெரியும். ஏற்காட்டுல நாகலூர், வெள்ளக்கடை பக்கம் எஸ்டேட்ல காப்பி பறிக்கற அம்மாவோட பொண்ணு கீழ இறங்கி வந்து டிகிரி முடிக்குது, அதுக்கு வீட்டு வழியா வர்ற தொடர்பு ஒண்ணுமே கெடையாது. அப்பா மேனேஜரா இருக்கற பையனுக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துலயே கெடைச்சிடுது. சமமா படிச்ச ரெண்டு பேருக்கு நடுவுல இவ்ளோ தூரம் இருக்கறது அநியாயம்னு நான் நெனைக்கறேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

பசங்களா, யாருகிட்ட போகணும்னு கேட்டா, பல எடத்துக்குப் போய் வர்றவங்க கிட்ட போங்க. மெஷின் சர்வீஸ் பண்றவரு, மெடிக்கல் ரெப், இன்சூரன்ஸ் ஏஜென்ட், லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க், உங்களுக்கு ரெண்டு வருஷம் சீனியர். ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு எந்த யூனிட் வளருது, எங்க அக்கவுண்ட்ஸ்க்கு ஆள் இல்லாம தடுமாறுறாங்கன்னு எல்லாம் தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் லேட்டானா மொதல்ல திட்டு வாங்கறதே அவங்கதான. எனக்குத் தெரிஞ்ச தறிக்காரர் ஒருத்தரோட பொண்ணு பி.காம் முடிச்சு டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர் கத்துக்கிட்டு ரொம்ப நாள் வீட்டுல இருந்துச்சு. அப்பாவுக்குத் தறி ஓட்ட பாவு நூல் குடுக்கற மொதலாளிக்கு கணக்குப் பாக்கற ஆபீஸ்ல போய் "எங்கயாச்சும் ஆள் தேவைப்பட்டா சொல்லுங்கக்கா"ன்னு தன் நம்பரக் குடுத்துட்டு வந்துச்சு, அந்த அக்கா மூலமாத்தான் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு யூனிட்ல சேந்துச்சு. அந்த அக்காவ அது அதுக்கு முன்னாடி சரியா பாத்தது கூட இல்ல.

பொண்ணுங்களுக்கு இதுல கூடுதல் கஷ்டம் இருக்குங்க. பசங்க டீக்கடையில நின்னு பேசியே பாதி விவரம் தெரிஞ்சுக்கறாங்க, பொண்ணுங்களால அப்படி நிக்க முடியாது. கொழந்தை பொறந்து ரெண்டு மூணு வருஷம் வீட்டுல இருந்துட்டு திரும்ப வேலைக்குப் போக நெனைக்கறவங்களுக்கு இன்னும் மோசம். காலேஜ்ல பாடம் எடுத்த மேடம், பழைய ஆபீஸ்ல கூட இருந்தவங்க, கொழந்தையோட ஸ்கூல் வாட்சப் குரூப்ல இருக்கற அம்மாக்கள், மகளிர் குழு, இதெல்லாமே தொடர்புதான், தயங்காம "நான் வேலைக்குத் திரும்பறேன், இந்த வேலை தெரியும்"னு சொல்லி வைங்க.

கேக்கற விதம் ரொம்ப முக்கியம். "ஹாய் சார், எனி வேகன்சி?"ன்னு வர்ற மெசேஜுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியாது. "அண்ணா, நான் கருப்பூர் காலேஜ்ல உங்களுக்கு ஜூனியர், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர்ல கேட் (CAD) டிராயிங் நல்லா வரும். உங்க கம்பெனியில டிசைன் டீம்ல புதுசா சேர்றவங்க கிட்ட என்ன எதிர்பாக்கறாங்கன்னு ஒரு பத்து நிமிஷம் சொல்ல முடியுமா, உங்களுக்கு எப்ப வசதி"ன்னு கேளுங்க. வேலை குடுன்னா அவர் கையில இருக்காது, சங்கடப்படுவாரு. விவரம் கேட்டா யாரும் சந்தோஷமா சொல்லுவாங்க, பேசறப்பவே உங்கள எடை போட்டுருவாங்க, அடுத்த மாசம் எடம் காலியானா ஞாபகம் வரும். லிங்க்டுஇன்ல உங்க காலேஜோட பேஜ்ல அலும்னின்னு, அதாவது பழைய மாணவர்கள்னு ஒண்ணு இருக்கும், யாரு எந்தக் கம்பெனியில எந்த ஊர்ல இருக்காங்கன்னு பிரிச்சுக் காட்டும், அத உபயோகிங்க. அவங்க சொன்னத செஞ்சு பாத்துட்டு என்ன ஆச்சுன்னு திரும்ப ஒரு வரி எழுதுங்க, இதை முக்காவாசிப் பேரு செய்யறதே இல்ல. உங்களுக்கு ஒத்து வராத வேலை கண்ணுல பட்டா இன்னொருத்தனுக்கு அனுப்புங்க.

கோரிமேட்டு வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவையும் விட்ராதீங்க, தனியார் முகாம் நடந்தா போங்க, அங்க வரிசையில பக்கத்துல நிக்கற பையனோட நம்பரையும் வாங்கிக்கோங்க.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. தொடர்புங்கற பேர்ல காசு புடுங்கறவங்களும் இருக்காங்க. "உள்ள ஆள் இருக்கு, அம்பதாயிரம் குடு"ன்னா எந்திரிச்சு வந்துருங்க. தாய்லாந்து, கம்போடியான்னு டேட்டா என்ட்ரி வேலைக்குக் கூட்டிட்டுப் போய் சைபர் மோசடிக் கும்பல் கிட்ட மாட்டிவிட்ட கதையெல்லாம் நம்ம தமிழ்நாட்டுப் பசங்களுக்கே நடந்திருக்கு. வெளிநாடுன்னா அந்த ஏஜென்ட் மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு பண்ணவங்களான்னு பாத்துட்டுத்தான் பாஸ்போர்ட்டயே கையில குடுக்கணும். ஆன்லைன்ல பணம் ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்புடுங்க, எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ நல்லது.

இனி வேலையில இருக்கற நம்மளுக்கு. ஊர்ப்பையன் ஒருத்தன் மெசேஜ் போட்டா பாத்துட்டு அப்படியே விட்டுடறோம். அவன் அத அனுப்பறதுக்கு எத்தன தடவ டைப் பண்ணி அழிச்சிருப்பான்னு ஒரு நிமிஷம் நெனைச்சுப் பாருங்க. "இப்ப எங்க கிட்ட இல்ல தம்பி, மார்ச்சுக்கு அப்புறம் கேளு"ன்னு ஒரு வரி போதும், அவன் அந்த வழிய விட்டுட்டு வேற வழி பாப்பான். ஒருத்தர நம்ம கம்பெனிக்கு ரெஃபர் பண்றதுன்னா, அதாவது கை காட்டி விடறதுன்னா, நம்ம சாதி, நம்ம தெரு, நம்ம காலேஜ்னு மட்டும் பாக்காதீங்க, அப்படிப் பாத்துப் பாத்துத்தான் சில வீட்டுப் புள்ளைங்களுக்கு கதவே தெறக்காமப் போச்சு. பேர் கெட்டுப் போயிடும்னு பயமா இருந்தா பத்து நிமிஷம் போன்ல பேசிப் பாருங்க, அப்புறம் ஹெச்ஆர் கிட்ட "எனக்கு இவரத் தனிப்பட்ட முறையில தெரியாது, பேசிப் பாத்தேன், வேலை தெரியுது, நீங்க இன்டர்வியூ பண்ணிப் பாருங்க"ன்னு உள்ளத உள்ளபடி எழுதி ரெஸ்யூம அனுப்புங்க. எங்களுக்கு அவ்ளோதான் வேணும், அந்த ரெண்டு வரி இருந்தா அந்த ரெஸ்யூம நாங்க கட்டாயம் திறந்து படிப்போம்.